கலயத்துக் காசு: ஒரு சாண் தரிசு

புரட்டாசி பிறந்தும் மழை விழவில்லை. உழுது போட்ட கரிசல் விதைக்காகக் காத்துக் கிடந்தது. கோவில்பட்டி கோர்ட்டில் என் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி சாட்சிக் கூண்டு ஏற வேண்டிய நாள் அப்போதுதான் வந்தது.

புஞ்சையில் கிடைத்த மண்கலயமும் அதற்குள் இருந்த தங்கக்காசுகளும் எங்கள் கையைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அரக்கு முத்திரை வைத்த பெட்டிக்குள் அவை அரசாங்கக் கருவூலத்தில் இருந்தன. சென்னையிலிருந்து வந்த அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இந்த வகைக் காசு வெளியே அதிகம் கிடைத்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டைப் பொத்தான் அளவுதான் ஒவ்வொன்றும். ஒரு பக்கம் நிற்கிற சாமி. மறுபக்கம் எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து.

அது புதையல் என்றது அரசாங்கம். கண்டவன் கலெக்டருக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் பருத்திக் கூடைக்குள் ஒளித்து வைத்தான் என்று என் வீட்டுக்காரர்மேல் ஒரு கிரிமினல் வழக்கு. நாங்களோ, அது புதையல் இல்லை, தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய பூட்டனார் புதைத்து வைத்த வீட்டுச் சொத்து என்று ஒரு சிவில் வழக்குப் போட்டிருந்தோம். அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து போட்ட வழக்கு.

"நூறு வருஷத்துக்குள்ள உங்க ஆளு புதைச்சதுன்னு காட்டிட்டா காசு உங்களுக்கு. தன் வீட்டுப் பொருளை ஒருத்தன் ஒளிச்சு வச்சா யாரு கேக்க முடியும்? கிரிமினல் தானா விழுந்துரும். தோத்துட்டோம்னா பாண்டி உள்ள போறதைத் தடுக்க என்னால ஆகாது" என்று எங்கள் வக்கீல் செண்பகராஜ் சொல்லியிருந்தார்.

ஜாமீன் கிடைக்கும்வரை ஒரு தடவை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் என் வீட்டுக்காரர். போகும்போது கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆள். திரும்பி வரும்போது தெரு முனையிலேயே இருமல் கேட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை அங்கன இருக்க இந்த நெஞ்சு தாங்காதும்மா" என்றார். அதற்குப் பிறகு காசைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. அது கருவூலத்திலேயே கிடக்கட்டும், கடலில் வேண்டுமானாலும் போடட்டும். அவர் உள்ளே போகக்கூடாது.

பூட்டனார்தான் புதைத்தார் என்பதற்கு எழுத்து எதுவும் கிடையாது. இருந்தது ஒரு பழக்கம் மட்டும். எங்கள் புஞ்சைக்கு நடுவில் கட்டில் போடும் அளவுக்கு ஓர் இடம். ஏர் அங்கே வந்ததும் கலப்பையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துத்தான் மேற்கொண்டு உழுவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'விட்ட இடம்' என்று பெயர். கார்த்திகைக்கு வீட்டு மருமகள் அங்கே ஒரு விளக்கு வைத்துவிட்டு வரவேண்டும். நான் வந்த வருஷத்திலிருந்து நான் வைத்தேன்.

யாரோ அங்கே எதையோ வைத்துவிட்டு, அதைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் காரணம் மறந்துபோயிற்று. கலப்பையைத் தூக்குவது மட்டும் மறக்கவில்லை. செண்பகராஜ் எங்கள் வழக்கு முழுவதையும் அந்த இடத்தின்மேல்தான் கட்டியிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு அந்த இடத்தைக் கண்டாலே ஆகாது. உழாத மண்ணில் அருகம்புல் மண்டும். கரிசலில் அருகு வேரோடிவிட்டால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. ஒரு கோடையில் பொறுக்க முடியாமல் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் அருகை அடிவேர்வரை தோண்டினார். கலயம் வந்தது அப்படித்தான்.

அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் மூத்தார் சங்கரபாண்டி முன்சீட்டில் இருந்தார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். நாங்கள் அவருக்குப் பின்னால். இருவரும் ஒரே வழக்கில் வாதிகள், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. போலீஸ் வந்த அன்றைக்கு, "அவன்தான் தோண்டுனான், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னவர் மூத்தார். அப்படிச் சொன்னதால் வெளியே இருந்தார். அவர் வெளியே இருந்ததால்தான் ஜாமீனுக்கு ஆள் பிடிக்க முடிந்தது. இதை என் வீட்டுக்காரரிடம் யார் எடுத்துச் சொல்வது? நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார்.

"பெத்தம்மா, அவன் மருந்து குடிச்சானான்னு கேளு" என்றார் மூத்தார், திரும்பாமல்.

"குடிச்சாச்சுன்னு சொல்லுட்டி" என்றார் இவர்.

"குடிச்சாச்சாம் அத்தான்."

"நல்ல வேட்டி ஒண்ணு கட்டிட்டு வந்திருக்கலாம்லா. கரிசல் மண்ணுல பெரட்டி எடுத்த மாதிரி இருக்கு."

"கோர்ட்டுக்குத்தானே போறேன், பொண்ணு பாக்கவா போறேன்னு கேளு."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் என்னைப் பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, அவியளுக்கு டிக்கெட்டு போடவா வேண்டாமா? தந்தி ஆபீஸு மாதிரில்லா நடுவுல இருக்காவ. கவர்மெண்டு ஆளுக்கு நாங்க டிக்கெட்டு கிழிக்கக் கூடாதுல்லா."

பஸ் சிரித்தது. மூத்தாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் மட்டும் வெளியே ஓடுகிற புஞ்சைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் ஆழ உழுதிருக்கிறார்கள், யார் மேலாகக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தனக்குள்ளே முணுமுணுத்தார். "இந்தா பாரு, கட்டி உடையவே இல்ல. இதுல மழை பெஞ்சு என்ன, பெய்யாட்டி என்ன."

அன்று விடியுமுன்பே புஞ்சைக்குப் போய் ஒரு சுற்று சுற்றி வந்திருந்தார். மழை விழுந்தால் மறுநாளே விதைக்கலாம், அவ்வளவு பக்குவமாக உழுது வைத்திருந்தார். ஜாமீனில் வந்த உடம்போடு உழுதது அது. நாலு சாலுக்கு ஒரு தடவை நின்று இருமுவார். மாடுகளே அதற்குப் பழகிவிட்டன.

கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் செண்பகராஜ் காத்திருந்தார். சின்ன வயசு, பொறுமையான மனிதர். என் வீட்டுக்காரரை மரத்தடியில் நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பாண்டி, நான் கேக்கும்போது என்ன சொல்லணும்?"

"புஞ்சைக்கு நடுவுல விட்ட இடம்னு ஒண்ணு உண்டும். எங்க அப்பா காலத்துலயும் உழல, தாத்தா காலத்துலயும் உழல."

"நீங்க?"

அவர் காலால் மண்ணைக் கிளறினார்.

"நீங்க, பாண்டி?"

"நானும்தான் உழல. அதை வேற என் வாயால சொல்லணுமாக்கும்?"

"அதைத்தான் சொல்லணும். அது ஒண்ணைத்தான் சொல்லணும்."

"நாலு பேரு நிப்பாங்களே வக்கீல் ஐயா."

"நாப்பது பேரு நிக்கட்டும். நீங்க உழாம விட்டதுதான் உங்களை வெளிய வைக்கும். வெளங்குதா?"

"வெளங்குது" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

சாட்சி சொல்லப் போகிறவர்கள் உள்ளே இருக்கக்கூடாது என்று என்னை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. வேறு வழக்குக்கு வந்தவர்கள் அதில் சாய்ந்து நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கம்பிக்கு ஓரமாக நின்றேன். டவாலி அவர் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டான். இருமிக்கொண்டே கூண்டு ஏறினார்.

செண்பகராஜ் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னார். பஞ்சத்தில் பூட்டனார் பேரன் பேத்திகளையும் பசிக்குக் கொடுத்துவிட்டு, புஞ்சையை மட்டும் விற்காமல் வைத்திருந்த கதையைச் சொன்னார். விட்ட இடத்தைப் பற்றியும் சொன்னார். கொஞ்சம் குரல் இறங்கியது, ஆனால் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது.

அரசாங்க வக்கீல் பூவனலிங்கம் எழுந்தார். தலை நரைத்தவர், நல்ல உயரம். கையில் காகிதம் எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"என்ன பாண்டி, மழை எப்படி உங்க பக்கம்?"

"இல்லய்யா."

"எங்க ஊருலயும் இல்ல. நானும் ஓட்டப்பிடாரத்துப் பக்கம் கரிசக்காரன்தான். எங்க அப்பா ஏர் பிடிச்சவுகதான். சரி, புஞ்சைக்கு நடுவுல உழாம ஒரு இடம் விட்டிருந்தீராக்கும்?"

"ஆமாய்யா."

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு கட்டில் போடலாம்."

"அவ்வளவுதானா? ஒரு களம் அளவுக்குக் கெடந்துச்சுன்னு சொல்லுதாங்களே."

"களமா? எவன் சொன்னது?"

"அருகும் கோரையுமா மண்டி, ஆட்டை மேய விடுத மாதிரி இருந்துச்சாம்."

ஜன்னலில் என் பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். அவருக்கு அது கேட்டது. எனக்குத் தெரியும், கேட்டது. தலை சட்டென்று இந்தப் பக்கம் திரும்பியது.

செண்பகராஜ் எழுந்தார். "இதெல்லாம் கேள்வியா, ஐயா?"

"கேள்வியாக் கேளுங்க" என்றார் ஜட்ஜ்.

"கேக்கேன் ஐயா. பாண்டி, உம்ம உழவைப் பத்தி ஊருல ஒரு பேச்சு உண்டுமாமே. உக்கிரபாண்டி உழவு கோழி கெளறுன மாதிரின்னு. நெசமா?"

ஊரில் அப்படி ஒரு பேச்சு கிடையாது. யாரும் சொன்னதில்லை. என் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது வீட்டுக்குக்கூட வரவில்லை. நேரே புஞ்சைக்குப் போய், அவர் உழுத சாலில் நடந்து பார்த்துவிட்டு, அங்கேயே நிச்சயம் பண்ணிவிட்டுப் போனார்.

அவருடைய இரண்டு கையும் கூண்டுக் கட்டையை இறுக்கின, கலப்பையின் மேழியைப் பிடிக்கிற பிடி.

"எவன் சொன்னான்?"

"சொன்னது யாருங்கது இருக்கட்டும். நடுப்புஞ்சையில தரிசு போட்டு அருகு வளக்குதவன் ஏர் பிடிக்குத சம்சாரியான்னு நாலு பேரு கேக்கத்தானே செய்வாங்க?"

என் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து ஜட்ஜைப் பார்த்தார்.

"எசமான், நான் ஒண்ணு சொல்லுதேன். இன்னைக்கே வாங்க. என் புஞ்சையில எங்கன வேணும்னாலும் கால வச்சுப் பாருங்க. ஒரு சாண் தரிசு காட்டிருங்க பாப்போம். மேழியப் பிடிச்ச நாள்ல இருந்து ஒரு சாண் உழாம விட்டவன் இல்ல நான்."

"எப்பவுமே விட்டதில்ல?" என்றார் பூவனலிங்கம் மெதுவாக.

"எப்பவுமே."

"நடுவுலயும்?"

"நடுவுல என்ன, ஓரத்துல என்ன. எங்கயும் விட்டதில்ல."

"அவ்வளவுதான் ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

ஜட்ஜ் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டைப் அடிக்கிற சத்தம் ஆரம்பித்தது. அந்தச் சத்தம் ஓயும்வரை என் வீட்டுக்காரர் கூண்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இருமல்கூட வரவில்லை. ஜெயிலிலிருந்து வந்த நாளிலிருந்து அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றைக்கு நின்ற மாதிரி நின்றார்.

இறங்கும்போதுதான் செண்பகராஜின் முகத்தைப் பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோர்ட்டு கலைந்தது. வேப்பமரத்தடியில் செண்பகராஜ் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூத்தார்தான் முதலில் பேசினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியைப் பார்த்து நேராகப் பேசிய பேச்சு அதுதான்.

"ஏலே, ஒன் புத்தி என்னலே செத்தா போச்சு? கிளிப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லிக் கூட்டிட்டுப் போனாரேலே மனுசன்!"

"கோழி கெளறுன மாதிரின்னு சொல்லுதான்ணே." பேசாதிருந்ததை அவரும் மறந்துவிட்டார். "நாலு பேரு சிரிக்காங்க. கேட்டுட்டு நிக்கச் சொல்லுதியா?"

"நிக்கணும்லே. நின்னிருந்தா வீட்டுக்குப் போயிருப்ப."

"ஒனக்கு என்ன. நீ எப்பவும் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருவ."

மூத்தாருக்குக் கண் கலங்கியதா, வெயிலுக்குச் சுருக்கினாரா என்று தெரியவில்லை.

நான் தூக்குச்சட்டியைத் திறந்தேன். யாரும் தொடவில்லை.

"இனி ஒரே வழிதான்" என்றார் செண்பகராஜ், என்னைப் பார்த்து. "மத்தியானம் நீங்க ஏறணும்மா. விளக்கு வச்சது நீங்கதானே. அந்த இடம் இருந்தது, உழாம கெடந்ததுன்னு நீங்க சொல்லணும்."

"அப்ப அவிய சொன்னது?"

"அவரு சொன்னது தப்புன்னு ஆகும். ஆகட்டும். ரோசத்துல சொல்லிட்டாருன்னு நான் பாத்துக்கிடுதேன்."

"ஜெயிச்சிருவோமாய்யா?"

அவர் நேர்மையான ஆள். "தெரியலம்மா. ஒரே வீட்டுல ரெண்டு வாக்குமூலம். ஜட்ஜு எதை எடுப்பாருன்னு சொல்ல முடியாது. ஆனா நீங்க ஏறலைன்னா தோத்தது நிச்சயம்" என்றார்.

அவரும் மூத்தாரும் தள்ளிப் போனார்கள். என் வீட்டுக்காரர் மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்த வாட்டம் திரும்பி வந்துவிட்டது. கொஞ்ச நேரம் இருமினார். தண்ணீர் கொடுத்தேன்.

"ஏட்டி, என்னைப் பொய்யன்னு சொல்லப் போறியா?"

"உள்ள போகப் போறியளா?"

"போறேன். திருடுனான்னு சொல்லி உள்ள போட்டா ஊரு நம்பாது. எல்லாத்துக்கும் தெரியும். உழவு தெரியாதவன், அருகு வளத்தவன்னு ஒன் வாயால சொன்னா நம்பும்ட்டி. பொண்டாட்டியே சொல்லிட்டாளேம்பான்."

"டாக்டரு என்ன சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றார். "கதவுக்கு வெளியதான நின்னேன்."

ஒரு வாய் சோறாவது சாப்பிடுங்கள் என்றேன். எனக்காக இரண்டு வாய் சாப்பிட்டார்.

கூண்டுக் கட்டை வழவழப்பாக இருந்தது. அதைப் பிடித்தவர்கள் கை வேர்வையெல்லாம் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கடைசி பெஞ்சில் அவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்தார் வாசல் பக்கம் நின்றார்.

செண்பகராஜ் கேட்டார். நான் சொன்னேன். கார்த்திகை தோறும் விளக்கு வைத்தது. எனக்கு முன்னால் என் மாமியார் வைத்தது. ஏர் வரும்போது கலப்பையைத் தூக்கி வைத்தது. ஒரு தடவை மாடு அந்த இடத்தில் கால் வைத்துவிட்டது என்று என் மாமனார் மாட்டைக் கும்பிடச் சொன்னது. ஜட்ஜ் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் சொல்லலாம்போல இருந்தது.

பூவனலிங்கம் எழுந்தார். என்னிடம் சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இதே கூண்டுல நின்னு, எங்கயும் ஒரு சாண்கூட உழாம விட்டதில்லன்னு சத்தியம் பண்ணிச் சொல்லிட்டுப் போயிருக்காரு. அது பொய்யா?"

"பொய்யில்லய்யா. அவிய மனசுல அப்படி."

"மனசைக் கேக்கலம்மா, புஞ்சையைக் கேக்கேன். உழாத இடம் இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அருகு மண்டிக் கெடந்ததா?"

நான் பின்பெஞ்சைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. தலையைக் கொஞ்சமாக, வேறு யாருக்கும் தெரியாதபடி, வேண்டாம் என்று அசைத்தார். என்னிடம் அவர் எதையும் கேட்டு வாங்கியதே இல்லை. இதைத்தான் கேட்டார்.

"பதில் சொல்லுங்கம்மா" என்றார் ஜட்ஜ்.

"கெடந்துச்சு."

"அப்ப உங்க வீட்டுக்காரர் சொன்னது?"

"சரியில்ல."

"பொய்யின்னு எழுதிக்கிடலாமா?"

செண்பகராஜ் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். இரண்டு வக்கீல்களும் இங்கிலீஷில் பேசினார்கள். ஜட்ஜ் கையை உயர்த்தி, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

எனக்குப் பாளையங்கோட்டைச் சிறைவாசல் ஞாபகத்துக்கு வந்தது. பெரிய கதவு, அதற்குள் சின்னக் கதவு. அதிலிருந்து குனிந்து வெளியே வந்தவர் நிமிரவே முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்தான்" என்றேன்.

மறுபடியும் டைப் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். என் பேருக்கு நேரே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் கட்டைவிரலை மையில் தோய்க்க வந்த குமாஸ்தாவிடம், எழுதத் தெரியும் என்று சொல்லி, பெத்தம்மாள் என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது கடைசி பெஞ்சு காலியாக இருந்தது.

வராந்தாவில் செண்பகராஜ் என் பின்னாலேயே வந்தார். "நல்லாச் சொன்னீங்கம்மா. கேஸு இன்னும் சாகல. ஐப்பசிக்கு வாய்தா போட்டிருக்கு. அதுக்குள்ள பக்கத்துப் புஞ்சைக்காரங்க ரெண்டு பேரைப் பிடிச்சுட்டோம்னா..." என்று பேசிக்கொண்டே போனார். நான் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் பார்த்தேன், இல்லை. டீக்கடையில் இல்லை. தூக்குச்சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

மூத்தார் படிக்கட்டுப் பக்கம் குனிந்து நின்றார். கோர்ட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் போவார்கள். மற்றவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. டயர் செருப்பு, இடது காலில் வார் தைத்தது.

"போட்டுக்கிடாமலே போயிட்டாம்மா" என்றார். அதைக் கையில் எடுத்தார். தம்பியின் செருப்பை அண்ணன் கையில் எடுப்பதை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. துண்டின் ஒரு முனையில் அதைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் தேடினோம். கழுகுமலை பஸ் ஒன்று போய்விட்டது என்றார்கள். அதில் ஏறினாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த பஸ் வரும்வரை மூத்தார் உட்காரவே இல்லை.

பஸ் கிளம்பியது. வழியில் யாராவது ரோட்டோரம் நடந்து போனால் இருவரும் எட்டிப் பார்த்தோம். காலையில் வந்த அதே கண்டக்டர்தான். என் பக்கத்தில் காலி இடத்தைப் பார்த்தார். டிக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினோம். வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டுக்கு வடக்கே ஊர், தெற்கே எங்கள் புஞ்சை. உழுத கரிசல் கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை ஒரே கறுப்பாகக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

விலக்கில் வெற்றிலைக் கடை வைத்திருந்த சுடலைக்கண்ணு எங்களைப் பார்த்து எழுந்து வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தம்பி முந்துன பஸ்லயே வந்து இறங்குனாரே. கூப்பிட்டேன், திரும்பல. வெறுங்காலோட போனாரு. கேஸு என்னாச்சு?"

"எந்தப் பக்கம் போனான்?" என்றார் மூத்தார்.

சுடலைக்கண்ணு தெற்கே கையைக் காட்டினார்.

மூத்தார் செருப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பெத்தம்மா, நீ வீட்டுக்குப் போ. நான் கெணத்துப் பக்கம் பாத்துட்டு வாரேன்."

நாங்கள் கிணற்றுப் பக்கம் போவதையே அந்த வருஷம் விட்டிருந்தோம். சித்திரையிலேயே வற்றிப்போய், அடியில் பாறை தெரிய ஆரம்பித்துவிட்டது.

"கெணத்துல தண்ணியே இல்லையே அத்தான்" என்றேன்.

"அதனாலதாம்மா சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வயசில், உழுத கட்டிகளின்மேல் ஓட ஆரம்பித்தார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை.